அப்பா இன்சுலின் வேண்டாம் என்கிறார், எப்படிப் பேசுவது?

தையல்காரர் மகள்

எல்லோருக்கும் வணக்கம். கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு 63 வயது. தையல்காரர். நாற்பது வருடமாக அதே கடை, அதே மிதி மெஷின். சுகர் வந்து 14 வருடம் ஆகிறது. மூன்று வகை மாத்திரை சாப்பிடுகிறார். இருந்தும் போன மாதம் பார்த்த மூன்று மாத சுகர் சராசரி (HbA1c) 10.8. வெறும் வயிற்றில் 246. இரவில் நாலு தடவை எழுந்து போகிறார்.

ஒரே வருடத்தில் 68 கிலோவிலிருந்து 59க்கு வந்துவிட்டார். ஆனால் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. தன் சட்டைகளைத் தானே பிரித்துப் பிடித்துத் தைத்துக்கொள்கிறார். கடையில் அளவு நோட்டைப் புரட்டியபோதுதான் எனக்கே புரிந்தது. போன தீபாவளிக்கு மார்பு 38. அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் பென்சிலால் 35½ என்று எழுதி வைத்திருக்கிறார்.

இரவு ஒரு வேளை இன்சுலின், 10 யூனிட்டில் ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொல்லி ஐந்து மாதம் ஆகிவிட்டது. "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்று அப்பா எழுந்து வந்தவர்தான், அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் அதே மாத்திரையை வாங்கிக்கொள்கிறார்.

ஊசிக்குப் பயமா என்று கேட்காதீர்கள். ஒரு தடவை மெஷின் ஊசி ஆள்காட்டி விரலில் ஏறி உள்ளேயே முறிந்துவிட்டது. கொறடால் தானே பிடுங்கிப் போட்டுவிட்டு, கையில் இருந்த சட்டைக்குக் காஜா எடுத்து முடித்த பிறகுதான் டிடி ஊசி போடப் போனார். அப்படிப்பட்ட ஆள்.

கேட்டால் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு காரணம். "ஒருக்கா போட்டா அப்புறம் விடவே முடியாது." "கண்ணு போயிருங்கண்ணு, தையக்காரனுக்குக் கண்ணு போனா என்ன இருக்குது?" "அதெல்லாம் கடைசி ஸ்டேஜுக்குப் போடறது." நேற்றுப் புதிதாக ஒன்று சொன்னார்: ஊசி போட்டால் கோவிலுக்கு மாலை போட முடியாதாம். யார் சொன்னார்களோ!

நாங்களும் எல்லாம் செய்து பார்த்துவிட்டோம். அம்மா இரண்டு நாள் பேசாமல் இருந்தார். திருப்பூரிலிருந்து தம்பி போன் போட்டுக் கத்தினான். நான் டாக்டர் வீடியோக்களாக அனுப்பினேன், ஒன்றைக்கூட அவர் திறக்கவில்லை. கடைசியில் அழுதேன். "அழுவாத சாமி, பாக்கலாம்" என்றார். அந்தப் 'பாக்கலாம்' எதற்கு என்று எனக்குத் தெரியும்.

இப்போது எழுதக் காரணம், போன வாரம் நடந்தது. கடையிலிருந்து எதிரே டீக்கடைக்கு நடந்து போயிருக்கிறார். ஒரு கால் செருப்பு வழியிலேயே கழன்றுவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. டீ மாஸ்டர் சொல்லித்தான் குனிந்து பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து இதைச் சிரிப்புக் கதையாகச் சொன்னார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

இப்படி மறுத்த பெரியவர்களை யாராவது பேசிச் சம்மதிக்க வைத்திருக்கிறீர்களா? என்ன சொன்னீர்கள்? வாட்ஸப்பில் வருவதை இங்கே போட வேண்டாம், அது எங்கள் குடும்பக் குழுவிலேயே நிறைய வருகிறது.

---

கொல்லைப்புறம்

என் மாமியாருக்கு ஆவாரம்பூவும் சிறுகுறிஞ்சானும் பொடி பண்ணி வெந்நீரில் கொடுத்தோம். 180லிருந்து 140 வந்தது. ஒரு மாதம் கொடுத்துப் பாருங்கள். ஊசி எங்கே போய்விடப் போகிறது? பிறகு போட்டுக்கொள்ளலாம்.

---

ரெண்டு விசில்

தங்கச்சி, நான் திருநெல்வேலிப் பக்கம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒன்பது வருடமாக இன்சுலின் போடுகிறேன். அதற்கு முன்னால் மூன்று வருடம் மாட்டேன் என்று அடம்பிடித்தவனும் நான்தான். அதனால் உங்கள் அப்பா பக்கம் நின்று கொஞ்சம் பேசுகிறேன்.

என் டாக்டரிடம் நான் சொன்ன காரணங்களும் இதேதான். வலிக்கும், பழகிவிடும், கடைசி ஸ்டேஜ். அவை வாயில் வந்தவை. உள்ளே இருந்தவை வேறு. ஒன்று, ஓடுகிற பஸ்ஸில் சுகர் இறங்கி மயங்கி விழுந்தால் கலெக்‌ஷன் பை என்ன ஆகும் என்ற பயம். இரண்டாவதைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. அப்போது என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். பெண் பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தால் கதவில் மருந்து பாட்டில் இருக்குமே, "அப்பாக்காரனுக்கே ஊசியாம்ல" என்று பேச்சு வருமே என்று இரவெல்லாம் யோசித்திருக்கிறேன். விருந்தாளி யாராவது ஃப்ரிட்ஜைத் திறப்பார்களா என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

இதை நான் டாக்டரிடம் சொல்லியிருப்பேனா? அதனால் அவர் வலிக்கு ஒரு பதில் சொல்வார், நான் பழக்கத்துக்குத் தாவுவேன். பழக்கத்துக்குப் பதில் சொல்வார், நான் கண்ணுக்குத் தாவுவேன். டிக்கெட் எடுக்காதவன் முன் படிக்கும் பின் படிக்கும் நழுவுகிற மாதிரி. ஒவ்வொரு தடவையும் "இன்னும் மூணே மாசம் குடுங்க சார், வாயைக் கட்டிப் பாத்திருதேன்" என்று தவணை வாங்கி வந்துவிடுவேன். மூன்று வருடத்தில் எத்தனை மூன்று மாதம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பாவக்காய் ஜூஸும் அதில் ஓடியிருக்கிறது, நாவல் கொட்டைப் பொடியும் ஓடியிருக்கிறது.

அப்புறம் அவர் மாற்றலாகிப் போய் ஒரு லேடி டாக்டர் வந்தார். சின்ன வயசு. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். "இன்சுலின் போட்டா உங்களுக்கு என்ன ஆயிரும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். வெளியே இருபது பேர் காத்திருக்கிறார்கள், இந்தம்மா சும்மா உட்கார்ந்திருக்கிறார். வேறு வழியில்லாமல் பஸ் கதையைச் சொன்னேன். ஃப்ரிட்ஜ் கதையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இன்சுலின் போடுகிற பேனா ஒன்றை எடுத்தார், மருந்து இல்லாத புது ஊசியை மாட்டினார், சேலையைக் கொஞ்சம் விலக்கித் தன் வயிற்றில் குத்திக்கொண்டார். அதை எறிந்துவிட்டு இன்னொரு புது ஊசியை மாட்டி என் கையில் கொடுத்தார். "மருந்து இல்ல, சும்மா குத்திப் பாருங்க." குத்தினேன். குத்தினேனா என்றே சந்தேகம் வந்து குனிந்து பார்த்தேன்.

பிறகு ஒன்று சொன்னார். "ஒரு மாசம் மட்டும் போடுங்க. பிடிக்கலன்னா வந்து சொல்லுங்க, நிறுத்திரலாம்." ஆயுள் முழுவதும் என்றால் எவன் தலையாட்டுவான்? ஒரு மாதம் என்றால் ஆட்டலாம். அந்த மாதத்தில் என்ன மாறியது என்றால் தூக்கம். இரவு மூன்று தடவை எழுந்துகொண்டிருந்தவன் விடியும்வரை தூங்கினேன். எண்ணைவிட அதுதான் என்னைப் பிடித்து வைத்தது.

கடைசி ஸ்டேஜ் பேச்சுக்கு ஒன்று. இன்சுலின்தான் முதலில் வந்தது. 1922 ஜனவரியில் கனடாவின் டொரோண்டோவில் சாகக் கிடந்த 14 வயதுப் பையனுக்குப் போட்டார்கள், அவன் அதற்குப் பிறகு 13 வருடம் இருந்தான். நாம் முழுங்குகிற மாத்திரைகள் புழக்கத்துக்கு வந்ததே 1950களில்தான். நியாயமாகப் பார்த்தால் பின்னால் வந்தது மாத்திரை.

அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். இன்சுலின் போட்டு யாரைப் பார்த்திருக்கிறார்? யாரோ ஒருத்தர் இருப்பார்.

---

தையல்காரர் மகள்

அண்ணா, உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இருக்கிறார். என் பெரியப்பா. 2016ல் அவருக்கு இன்சுலின் ஆரம்பித்தார்கள். மூன்றாவது மாதம் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை. ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து பார்த்தது அப்பாதான். எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நானும் இதோடு சேர்த்து யோசிக்கவே இல்லை.

---

வார்டு சிஸ்டர்

கண்ணு, 26 வருடம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன், அதில் கடைசி எட்டு வருடம் சுகர் கிளினிக்கில். முதலில் ஒரு தப்பை ஒப்புக்கொள்கிறேன்.

"இப்படியே அரிசிச் சோத்தைத் தின்னுட்டு வந்தா அடுத்த தடவை ஊசிதான்." இதை எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. வாத்தியார் பிரம்பைக் காட்டுகிற மாதிரி. பத்து வருடம் இதைக் கேட்டுவிட்டு, ஒரு நாள் டாக்டர் உண்மையிலேயே ஊசி என்று எழுதினால் அந்த மனுஷனுக்கு என்ன கேட்கும்? "நீ ஃபெயிலாயிட்டே" என்று கேட்கும். உன் அப்பாவுக்கும் யாராவது இப்படிச் சொல்லியிருப்பார்கள். அதனால் முதலில் அவர் காதில் விழ வேண்டியது, அவர் தப்புப் பண்ணவில்லை என்பது. பிரிட்டனில் 1977ல் ஆரம்பித்து இருபது வருடம் நடந்த பெரிய ஆய்வில் தெரிந்த விஷயம் இது. சுகர் என்று கண்டுபிடிக்கிற நாளிலேயே கணையம் இன்சுலின் சுரக்கிற திறனில் கிட்டத்தட்ட பாதி போயிருக்கும். மீதியும் வருடத்துக்கு வருடம் குறையும். 14 வருடம் கழித்து மாத்திரை போதவில்லை என்றால் அது நோயின் போக்கு. மாத்திரைகளில் பாதிக்கு மேல் கணையத்தை விரட்டி வேலை வாங்குபவையோ, இருக்கிற இன்சுலினை நன்றாகச் செலவழிக்க வைப்பவையோதான். சுரப்பே இல்லையென்றால் அவை எதை வைத்து வேலை செய்யும்?

59 கிலோ என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்குப் பயம். இன்சுலின் போதாமல் சாப்பிட்டதெல்லாம் சர்க்கரையாகச் சிறுநீரில் போகிறது, உடம்பு தன் சதையைத் தின்கிறது. ஆவாரம்பூ போட்ட தங்கை கோபித்துக்கொள்ள வேண்டாம். 180, 140 என்பது வேறு கதை. 10.8 சராசரியும் ஒன்பது கிலோ இழப்பும் வேறு. இதில் ஒரு மாதம் தள்ளிப்போடுவது சரியில்லை.

உன் பெரியப்பா விஷயம். நான் அந்தக் கேஸைப் பார்க்கவில்லை, ஆனால் அந்த மாதிரி எத்தனையோ பார்த்திருக்கிறேன். விரல் கறுத்து, சீழ் பிடித்து, சுகர் 400க்கு மேல் ஏறி வந்து படுப்பார்கள். அட்மிஷன் போட்ட அன்றைக்கே இன்சுலின் ஆரம்பிப்போம், அந்த நிலையில் வேறெதுவும் கேட்காது. அப்புறம் கால் போகும். ஊரில் எல்லோரும் "ஊசி போட்டான், கால் போச்சு" என்பார்கள். கண்ணுக்கும் கிட்னிக்கும் இதே கதைதான். பழைய ஃபைல் பெரியம்மா வீட்டில் இருந்தால் தேடிப் பார். தேதி பேசும். ஆனால் அதை வைத்து அப்பாவோடு வழக்காடாதே. அண்ணனைப் பறிகொடுத்தவர். முதலில் அவர் பேசட்டும்.

அடிமையாகிவிடும் என்பதற்கு: தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டால் மெஷின் எண்ணெய்க்கு அடிமையா என்று கேட்டுப் பார். சுகர் ஒழுங்காகி அளவு குறைந்தவர்கள் உண்டு, நிறுத்தியவர்கள்கூட உண்டு. ஆனால் உன் அப்பாவுக்கு அப்படி ஆகும் என்று வாக்குக் கொடுக்காதே. 14 வருட சுகர். பொய் சொல்லிச் சம்மதிக்க வைத்தால் மூன்றாவது மாதம் கண்டுபிடித்துவிடுவார்.

ஆரம்பிப்பதற்கு முன் இரண்டு காரியம். கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். பாதத்தையும் காட்டுங்கள், செருப்புக் கழன்றது தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது. இனி வெறுங்காலோடு மெஷின் மிதிக்கக் கூடாது, தினமும் இரவில் யாராவது ஒருத்தர் உள்ளங்காலை விரித்துப் பார்க்க வேண்டும். இதையும் மறக்காதே: அதிகமாக இருந்த சுகர் சட்டென்று இறங்கும்போது சில வாரம் பார்வை மங்கும். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் பழைய நிலைக்கு வருகிற வரைக்கும். தானாகச் சரியாகிவிடும். இதை முன்கூட்டியே அப்பாவிடம் சொல்லிவிடு. சொல்லாமல் விட்டால், "பாத்தியா, கண்ணு போச்சு" என்று அத்தோடு நிறுத்திவிடுவார். இரண்டு மாதத்துக்குப் புதுக் கண்ணாடி வாங்காதீர்கள், காசு வீண்.

சுகர் இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், கோபம்கூட வரும். 70க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும், கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கடை டிராயரில் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று எப்போதும் கிடக்கட்டும்.

காசு பிரச்சினை என்றால் அரசு ஆஸ்பத்திரியில் இன்சுலின் இலவசம். பெரும்பாலும் பாட்டிலாகத் தருவார்கள். அங்கே ஒன்று கவனி. நம் ஊர் பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனா மருந்து 100 யூனிட். ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் 100க்கு உரியது. ஒன்றை எடுத்து இன்னொன்றில் போட்டால் இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும். இதனால் மயங்கி வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். நர்ஸ் கையில் பிடித்துக் காட்டும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.

மாலை போடுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. விரதம், பட்டினி என்று ஏதாவது இருந்தால் மட்டும் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

---

பாலைவனத்தில் ஒருவன்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். கத்தாரிலிருந்து. ஊரில் அம்மாவுக்கும் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறார்கள். வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கிறது, கரண்ட் அடிக்கடி போகிறது. மருந்து கெட்டுவிடுமா?

---

வார்டு சிஸ்டர்

தம்பி, பிரிக்காத மருந்துதான் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும், 2லிருந்து 8 டிகிரி. ஃப்ரீசரில் மட்டும் கூடாது, உறைந்த மருந்தைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் கொஞ்ச நேரம் கரண்ட் போவதால் ஒன்றும் ஆகாது. உபயோகத்தில் இருப்பதை 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் ஏறக்குறைய நாலு வாரம் வெளியிலேயே வைக்கலாம். மே மாதத்தில் நம் ஊர் வீட்டுக்குள் 30 எங்கே இருக்கிறது? பெரிய மண்பானையில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதற்குள் மருந்து. பாட்டி காலத்து வித்தை, நன்றாக வேலை செய்யும்.

---

தையல்காரர் மகள்

ஆறு வாரம் கழித்து வருகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள். சிஸ்டர் அக்கா, கண்டக்டர் அண்ணா, உங்கள் இருவருக்கும் விவரமாகச் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா காஜா போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் பிரித்துக்கொண்டே, "பெரியப்பாவுக்கு ஆஸ்பத்திரியில என்னப்பா ஆச்சு?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன், அந்த லேடி டாக்டர் மாதிரி. மிகவும் கஷ்டமாக இருந்தது, எனக்குச் சும்மா இருக்க வராது. ஒரு சட்டை முடிகிற வரைக்கும் அவர் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் பேச ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. தினம் காலையில் பெரியப்பாவுக்கு ஊசி போடும்போது அப்பாதான் கையைப் பிடித்துக்கொள்வாராம். "நான்தான் புடிச்சுக் குடுத்தேன்" என்றார். இரண்டு தடவை சொன்னார்.

பெரியம்மா வீட்டில் ஃபைல் கிடைத்தது. பரணில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவில். அட்மிஷன் சீட்டில் முதல் வரியே இடது கால் கட்டை விரல் கறுத்திருந்தது என்றுதான் இருக்கிறது. சுகர் 412. இன்சுலின் ஆரம்பித்தது அதற்கு மறுநாள். நான் எதையும் விளக்கவில்லை. கட்டிங் மேசையில் வைத்துவிட்டு டீ போடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். "அண்ணன் காட்டுக்குச் செருப்பே போட்டுட்டுப் போவ மாட்டான்" என்றார். அவ்வளவுதான். அடுத்த புதன்கிழமை அவரே குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்குப் போலாமா கண்ணு?" என்று நின்றார்.

மெஷின் எண்ணெய் உதாரணத்தைச் சொன்னேன் அக்கா. "எண்ணெய் விட்டா ஓடற மெஷினுக்கு எண்ணெய் விடலாம். தேஞ்ச ஷட்டிலுக்கு எண்ணெய் விட்டு என்ன பண்ண? ஷட்டிலத்தான் மாத்தோணும்" என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து அவரே சிரித்தார்.

நர்ஸ் பேனா ஊசியைக் கையில் கொடுத்ததும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எவ்வளவு தடிமன் என்று கேட்டார். 32 நம்பர், 0.23 மில்லிமீட்டர், நீளம் 4 மில்லிமீட்டர் என்றார்கள். "எங்க 16 நம்பர் ஊசி முழுசா ஒரு மில்லிமீட்டருங்க. இதுல மல்லுத்துணிகூடத் தைக்க முடியாது" என்றார். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளிக் குத்த வேண்டும், தினமும் இடம் மாற்ற வேண்டும், ஒரே இடத்தில் குத்தினால் கட்டி விழும் என்றதும் வீட்டுக்கு வந்து சாக்பீஸ் எடுத்தார்! வயிற்றில் கட்டம் போட்டு வாரத்துக்கு ஒரு கட்டம், அதற்குள் தினமும் கொஞ்சம் தள்ளி என்று வைத்துக்கொண்டிருக்கிறார். குளித்தால் அழிந்துவிடும், மறுபடி போடுவார். அம்மா தலையில் அடித்துக்கொள்கிறார்.

எல்லாம் சுமுகமாகப் போய்விடவில்லை. இரண்டாவது வாரம் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை, எழுத்து கலங்குகிறது என்றார். நீங்கள் சொன்னதை முன்பே சொல்லி வைத்திருந்ததால் பிழைத்தோம். கண் டாக்டரிடம் காட்டியபோதும் விழித்திரையில் லேசான ஆரம்ப மாற்றம்தான், வருடத்துக்கு ஒரு தடவை வாருங்கள் போதும் என்று சொல்லியிருந்தார்கள். நாலாவது வாரம் கடையிலிருந்து போன் பண்ணினார். "எண்பதாம் நம்பர் நூலு, மொதத் தடவையிலேயே ஏறிருச்சு" என்று வைத்துவிட்டார்.

இன்னொரு நாள் முகூர்த்தப் பிளவுஸ் அவசரத்தில் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வேலை பார்த்திருக்கிறார். பதினோரு மணிக்கு வியர்த்துக் கொட்டிக் கை நடுங்கியிருக்கிறது. பார்த்தால் 64. டிராயரில் குளுக்கோஸ் இருக்கிறது, இவர் எதிர்க்கடைக்கு நடந்து போய்க் கடலை மிட்டாய் வாங்கித் தின்றிருக்கிறார்! டாக்டர் காலை மாத்திரை ஒன்றைப் பாதியாகக் குறைத்துவிட்டார். அன்றைக்கு இரவு ஊசி வேண்டாம் என்று முரண்டு பிடித்தார், அம்மா விடவில்லை.

இப்போது 18 யூனிட். மூன்று நாளுக்கு ஒரு தடவை எண்களைச் சொல்லி, டாக்டர் சொல்லச் சொல்ல இரண்டிரண்டாக ஏற்றினோம். வெறும் வயிற்றில் 132. எடை 61. இரவில் ஒரு தடவைதான் எழுந்திருக்கிறார். அளவு நோட்டில் 35½ஐ இன்னும் அடிக்கவில்லை.

---

வார்டு சிஸ்டர்

கடலை மிட்டாய் வேண்டாம் என்று அப்பாவிடம் சொல். கடலையில் எண்ணெய் இருக்கிறது, சர்க்கரை ஏற நேரமாகும். அதுவும் மயக்கம் வருகிற நேரத்தில் ரோட்டைத் தாண்டி நடக்கலாமா? குளுக்கோஸ் பாக்கெட்டை மெஷின் மேலேயே வைக்கச் சொல். ஊசியைத் தினமும் மாற்றுகிறாரா? குத்தின ஊசியைக் குப்பையில் அப்படியே போடக் கூடாது, தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடுங்கள். சாக்பீஸ் கட்டம் பிரமாதம். எட்டு வருடத்தில் எனக்கு இது தோன்றவில்லை.

---

ரெண்டு விசில்

தங்கச்சி, படித்துவிட்டு வீட்டுக்காரியிடமும் வாசித்துக் காட்டினேன். அப்பாவிடம் ஒரு உதவி கேட்டுச் சொல்லுங்கள். பேனாவையும் நாலு ஊசியையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறேன், பை கிழிந்து கிழிந்து போகிறது. ஜிப் வைத்து, உள்ளே இரண்டு அறையோடு சின்னதாக ஒரு பை தைத்துத் தருவாரா? கூலி எவ்வளவு என்றாலும் சரி.

---

தையல்காரர் மகள்

கூலி பற்றிப் பேசக் கூடாது என்றார். பேனா நீளம் எவ்வளவு, இடுப்புப் பெல்ட்டில் மாட்டுகிற மாதிரியா, தோளில் தொங்குகிற மாதிரியா என்று கேட்கச் சொன்னார். வெயிலில் போவீர்கள் என்பதால் உள்ளே கம்பளித் துணி ஒரு மடிப்புக் கொடுக்கிறாராம்.

---

ரெண்டு விசில்

தோளில் தொங்குகிற மாதிரி. கலெக்‌ஷன் பை மாதிரியே.